உருளைச் சீப்பும் பால் கத்தியும்

பட்டமளிப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு எந்தப் பெண்கள் விடுதிக்குப் போனாலும் ஒரே சத்தம்தான் கேட்கும். ஒவ்வோர் அறையிலும் ஹேர் டிரையர் உறுமிக்கொண்டிருக்கும். தீபாவளி விருந்து, பொங்கல் விழா, நம் மொழிக் கழகத்தின் கலை இரவு என்று எது வந்தாலும் அப்படித்தான். அரை மணி நேரம் கை வலிக்கக் காற்றுப் பிடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் முடி காய்ந்திருக்கும். ஆனால் நாம் நினைத்த வடிவத்தில் இருக்காது. மேல்பக்கம் பஞ்சாகப் பறக்கும். உள்பக்கம் ஈரமாகவே இருக்கும். ஒரு நுனி கிழக்கே பார்த்தால் இன்னொரு நுனி மேற்கே பார்க்கும். கடைசியில் ரப்பர் வளையத்தைப் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். "நம்ம முடிக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொள்வோம்.

முடியின் மேல் பழி போடாதீர்கள் என்பார் என் அக்கா. ஈப்போவில், லகாட் சாலையை ஒட்டிய ஒரு பெண்கள் சிகை அலங்கார நிலையத்தில் அவர் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். தவணை விடுமுறைகளில் நானும் அங்கே போய்த் துண்டு மடிப்பேன், கீழே விழுந்த முடியைக் கூட்டுவேன், வாடிக்கையாளர்களுக்குத் தேநீர் கலக்கிக் கொடுப்பேன். இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் பாதி அங்கே நின்று பார்த்துக் கற்றவை. ஈரக் கூந்தலை உருளைச் சீப்பில் சுற்றி, சூடான காற்றால் உலர்த்தி, அதற்கு வடிவம் கொடுக்கும் வேலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கடையில் இதற்குப் 'புளோ' என்று பெயர். வெறும் அலங்காரமாகத் தெரியும் இந்த வேலைக்குள் அறிவியல் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் பெண்களின் பிழைப்பும் இருக்கிறது.

கூந்தலை உலர்த்துவது தமிழருக்குப் புதிதா என்ன? மகளிர் கூந்தலுக்கு அகில் புகை ஊட்டியதைச் சங்க இலக்கியங்கள் பேசுகின்றன. பெண்கள் கூந்தலை முடிக்கும் ஐந்து வகையை 'ஐம்பால்' என்றே பெயரிட்டு வைத்திருக்கிறோம். குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என்பவை அந்த ஐந்தும். குழலும் சுருளும் இன்றைய உருளைச் சீப்பு தரும் வடிவங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன, பாருங்கள்! பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா என்று இறைவனோடு நக்கீரர் வாதாடிய கதை நமக்கு மனப்பாடம். 1965ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக வந்த நாகேஷை இன்றும் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரிக்கிறோம். கூந்தலைப் பற்றி இத்தனை பேசிய சமுதாயம்தான் நம்முடையது.

தோட்டத்து வீடுகளில் அந்த அகில் புகையின் இடத்தைச் சாம்பிராணி பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிய பிறகு, விறகு அடுப்பிலிருந்து நெருப்புத் துண்டுகளை ஒரு தட்டில் எடுத்து, சாம்பிராணியைத் தூவி, மேலே ஒரு கூடையைக் கவிழ்ப்பார்கள். அதன்மேல் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சூடும் மணமும் சேர்ந்து கூந்தலுக்குள் ஏறும். ஈரத்தோடு இருந்தால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்பது பெரியவர்களின் பயம். மலாய்க்காரர்கள் கெமெஞான் என்று சொல்லும் அந்தப் பிசின் சுமத்திரா காடுகளில் விளைந்து கடல் கடந்து வாணிபம் ஆன பொருள். ஆக, மின்சாரம் வருவதற்கு முன்பே நம் வீடுகளில் வெப்பக் காற்றால் கூந்தலை உலர்த்தியிருக்கிறோம்.

என் அம்மா சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். விடியும் முன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, இருட்டிலேயே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வெயில் ஏறாத குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் அந்த அவசரம். நிறைய எண்ணெய் வைத்து, கொண்டையை இறுக்கி, மேலே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு போவார். கொசுவுக்கும் பனிக்கும் மட்டுமல்ல அந்தத் துண்டு. பால் ஒரு சொட்டு முடியில் பட்டுக் காய்ந்துவிட்டால் ரப்பராகிவிடும். பிறகு சீப்பு இறங்காது. கத்தரிக்கோல்தான் எடுக்க வேண்டும். அம்மாவைப் பொறுத்தவரை முடி என்பது கட்டி அடக்கி வைக்க வேண்டிய ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தலைமுழுகும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அதற்கு விடுதலை.

பேராக் தோட்டங்களில் நடந்த மாற்றத்தை நம்மில் பலர் வீட்டுக் கதையாகவே அறிவோம். ரப்பர் உற்பத்தியில் உலகின் முதலிடத்தில் இருந்த மலேசியா, 1990களின் தொடக்கத்தில் அந்த இடத்தைத் தாய்லாந்திடம் விட்டுக்கொடுத்தது. ரப்பர் மரங்கள் சாய்ந்த இடத்தில் செம்பனை எழுந்தது. பால் வெட்டும் வேலையில் ஆணுக்கு நிகராகப் பெண்ணும் நிரை எடுத்தாள். தன் பெயரில் சம்பளம் வாங்கினாள். உயரத்தில் இருக்கும் செம்பனைக் குலையை அறுத்து இறக்கும் வேலை ஆண்களுக்கு என்றே ஆனது. அதிலும் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போனது. பெண்களுக்கு உரம் போடுவதும் மருந்து அடிப்பதும் உதிரிப் பழம் பொறுக்குவதுமே மிஞ்சின. நான் சிறு குழந்தையாக இருந்தபோது எங்கள் குடும்பமும் தோட்டத்தை விட்டு ஈப்போ புந்தோங்கிற்குக் குடிவந்தது. அம்மா ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அக்கா எஸ்.பி.எம். முடித்ததும் முடி வேலை கற்கப் போகிறேன் என்றார்.

வீட்டில் அன்று நடந்த சண்டையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு நிக்கிறவளுங்களுக்கு நீ காத்து அடிக்கப் போறியா?" என்றாராம் அம்மா. பெரியம்மா ஒரு படி மேலே போய், "முடி வேலைக்கெல்லாம் ஒரு சாதி இருக்கு, நாம அதுக்கா பொறந்தோம்?" என்றிருக்கிறார். அக்கா பதில் பேசவில்லை. மறுநாள் பேருந்து ஏறிப் போய்ப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அக்கா முதலில் கற்றது சீப்பைப் பிடிப்பதை அல்ல. முடி என்றால் என்ன என்பதை. அதை எனக்கு அவர் விளக்கிய விதத்தை மறக்க முடியாது. "அத்தாப்புக் கூரை பார்த்திருக்கியா பாப்பா? ஓலை எல்லாம் கீழ்நோக்கி அடுக்கி இருக்கும். மேலேயிருந்து தண்ணி ஊத்துனா வழிஞ்சி ஓடிடும். கீழேயிருந்து காத்து அடிச்சா ஓலை தூக்கிக்கும். முடியும் அப்படித்தான்." ஒவ்வொரு முடியின் மேலும் மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. காற்றை வேரிலிருந்து நுனிக்கு அனுப்பினால் செதில்கள் படியும்; வெளிச்சம் சீராகப் பட்டுக் கூந்தல் மின்னும். கண்டபடி அடித்தால் செதில்கள் தூக்கிக்கொள்ளும். விடுதி அறையில் நம் முடி பஞ்சாகப் பறப்பதற்குக் காரணம் இதுதான்.

செதில்களுக்கு உள்ளே இருப்பது கெரட்டின் என்னும் புரதம். அந்தப் புரத இழைகளை இரண்டு வகைக் கட்டுகள் முக்கியமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று கந்தகக் கட்டு. அது வலுவானது, தண்ணீருக்கு மசியாது. நிரந்தரமாகச் சுருட்டவோ நேராக்கவோ போடும் இரசாயனங்கள் இதைத்தான் உடைக்கின்றன. மற்றொன்று ஹைட்ரஜன் கட்டு. இது தண்ணீர் பட்டாலே விட்டுவிடும்; காய்ந்தால் மீண்டும் சேர்ந்துகொள்ளும். எந்த வடிவத்தில் இருக்கும்போது காய்கிறதோ, அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். இரவில் ஈரத் தலையோடு தூங்கினால் காலையில் முடி ஒரு பக்கமாக மடிந்து நிற்பது இதனால்தான். உருளைச் சீப்பின் இரகசியமும் இதுவே. ஈரம் போகும் அந்தக் கடைசி நிமிடங்களில் முடியை நாம் விரும்பும் வளைவில் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எப்படிச் செய்வது? அக்கா சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே தருகிறேன்.

முதலில் துண்டு. தலையைப் பரபரவென்று துவட்டக் கூடாது. ஈரத்தில் முடி இழுபடும், எளிதில் அறுந்தும் போகும். பருத்தித் துண்டால் பிழிவதுபோல் அழுத்தி நீரை எடுக்க வேண்டும். பிறகு அகன்ற பல் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். நம் அம்மாக்கள் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்து நம்மை அழவைத்தார்களே, அதை மறந்துவிடுங்கள்.

அடுத்து, சீப்பைத் தொடாமல் விரல்களால் மட்டும் கோதிக்கொண்டே முக்கால் பங்கு ஈரத்தைப் போக்க வேண்டும். பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். சொட்டச் சொட்ட இருக்கும் கூந்தலை உருளைச் சீப்பில் சுற்றினால் நேரமும் போகும், கையும் வலிக்கும், முடிக்குத் தேவையில்லாத சூடும் ஏறும்.

பிறகு கூந்தலை நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, பிடரியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு முறைக்கு எடுக்கும் முடிக் கற்றை சீப்பின் அகலத்தை மீறக் கூடாது. நம் முடி அடர்த்தியானது என்பதால் கற்றை இன்னும் மெல்லியதாக இருந்தால் நல்லது. சீப்பும் முடிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நீண்ட கூந்தலுக்குப் பெரிய உருளை. நெற்றி முடிக்கும் குட்டை முடிக்கும் சிறியது. உருளை பெரிதானால் முடி நேராக நின்று நுனி மட்டும் வளையும். சிறிதானால் சுருள் விழும். பீங்கான் பூசிய உருளை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடர்ந்த முடிக்குப் பன்றிமுள்ளும் நைலானும் கலந்த சீப்பு நன்றாகப் பிடிக்கும்.

டிரையரோடு ஒரு தட்டையான மூக்கு கொடுப்பார்கள். நம்மில் பலர் அதை டப்பாவிலேயே விட்டுவிடுகிறோம். அதை மாட்டினால்தான் காற்று ஒரே கோட்டில் போகும். சீப்பைக் கற்றைக்கு அடியில் வேரோடு ஒட்டிக் கொடுத்து, இழுவிசை விடாமல் நுனி வரை கொண்டுவர வேண்டும். டிரையர் மேலிருந்து கீழ்நோக்கிச் சீப்பின் பின்னாலேயே வர வேண்டும். மூக்கு முடியைத் தொடவே கூடாது. இரண்டு மூன்று முறை இப்படி வந்ததும் கற்றை காய்ந்துவிடும். அதன்பின் நுனியிலிருந்து சுருட்டிக்கொண்டு மேலே போய், சில வினாடி சூடு காட்டி, உடனே குளிர் காற்றுப் பொத்தானை அழுத்த வேண்டும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே சீப்பை எடுக்க வேண்டும். எடுக்கும்போது இழுக்காமல், சுற்றிய வழியிலேயே பிரித்து எடுக்க வேண்டும். "ஆறுறதுக்குள்ள அவுத்தா அவ்வளவு நேரம் செஞ்சது வீண்" என்பார் அக்கா. சுட்ட பலகாரத்தைச் சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது என்று அம்மா சொல்வதும் இதே பாணிதான்.

இறுதியாக, உள்ளங்கையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்து நுனியில் தடவ வேண்டும். ஈப்போவில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மாலையில் மழையும் வரும். காற்றிலுள்ள ஈரம் புகுந்தால் ஹைட்ரஜன் கட்டு தளர்ந்து முடி பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். எண்ணெய் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும்.

சூடு முடியைக் கெடுக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் அதையேதான் கேட்டார். 2011ஆம் ஆண்டு கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது வெப்பம் 47 டிகிரி செல்சியஸ். 10 சென்டிமீட்டரில் 61 டிகிரி. 5 சென்டிமீட்டரில் 95 டிகிரி. நெருங்க நெருங்க முடியின் மேற்பரப்பு கூடுதலாகச் சேதமானது. ஆனால் காற்றில் தானாகக் காயவிட்ட முடியிலும் ஒரு பாதிப்பு தெரிந்தது. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறியதால் அதன் உள்ளே செல்களை ஒட்டி வைத்திருக்கும் சவ்வு உப்பியிருந்தது. 15 சென்டிமீட்டர் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே உலர்த்துவது தானாகக் காயவிடுவதைவிட நல்லது என்பது அவர்கள் முடிவு. நம் பள்ளி அடிக்கோலின் பாதி நீளம்தான் 15 சென்டிமீட்டர். நினைவில் வைப்பது எளிது.

இதைக் கேட்டு அம்மா தோற்றுப்போனதாக எண்ண வேண்டாம். அவருக்கும் ஓர் ஆய்வு துணை நிற்கிறது. 2003ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவிச் செல்லக் கூடியது. தலைமுழுகுவதற்கு முன் எண்ணெய் வைத்த நம் பாட்டிகள் ஆய்வுக்கூடம் போகாமலே அதைக் கண்டிருக்கிறார்கள். அக்காவின் கடையிலும் முடி வறண்டு வருபவர்களுக்கு முதல் அறிவுரை, "வீட்ல ராத்திரி தேங்காய் எண்ணெய் வச்சிட்டுக் காலையில வாங்க" என்பதுதான்.

இந்த முறையை முதன்முதலில் செய்தவர் யார் என்று அக்காவிடம் கேட்டேன். தெரியவில்லை. நூலகத்தில் தேடியபோது ரோஸ் எவன்ஸ்கி என்ற பெயர் கிடைத்தது. 1922இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து காப்பாற்றுவதற்காக யூதப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து இரயிலேற்றிப் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள் அல்லவா, அந்தப் பிள்ளைகளில் ஒருவர். மொழி தெரியாத ஊரில் முடி வேலை கற்று, பின்னாளில் இலண்டனின் பணக்காரப் பகுதியான மேஃபேரில் கடை வைத்தார். அக்காலத்தில் பெண்கள் தலை முழுக்க உருளைகளைச் சுற்றிக்கொண்டு, தலைக்கவசம் போன்ற பெரிய உலர்த்திக்கு அடியில் நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஒரு நாள், ஆண்களின் முடி திருத்துநர் ஒருவர் கையடக்க டிரையரையும் பிரஷையும் கொண்டு வாடிக்கையாளரின் முன்முடியை உலர்த்துவதை ரோஸ் பார்த்தார். இதைப் பெண்களுக்கும் செய்தால் என்ன என்று தம் கடையில் செய்து பார்த்தார். அங்கிருந்துதான் இது உலகெங்கும் பரவியது. 2016இல் அவர் மறைந்தார்.

வேரோடு பிடுங்கப்பட்ட ஒரு பெண் புதிய ஊரில் தன் கைத்திறனை நம்பி எழுந்து நின்ற கதை இது. நம் தோட்டத்துப் பெண்களின் கதையோடு இதை ஒப்பிட மாட்டேன். அவரவர் துயரம் அவரவருக்கு. ஆனால் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இது சும்மா வேலை இல்லதானே?" என்று கேட்டது என் மனத்தில் நிற்கிறது.

'தலைவிரி கோலம்' என்ற சொல்லை நாம் நல்ல பொருளில் பயன்படுத்துவதில்லை. பாஞ்சாலி கூந்தலை விரித்தது சபதத்துக்காக. கண்ணகி விரித்தது கணவனை இழந்து நீதி கேட்க. இழவு வீட்டில் கூந்தல் அவிழும். ஆகவே காரணமில்லாமல் ஒரு பெண் முடியை விரித்துவிட்டு நடந்தால் நம் தாய்மார்களுக்கு நெஞ்சு பதைக்கிறது. இதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் கடையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். திருமணப் பெண்ணுக்குச் சடை வைப்பதற்கு முன்னால் முழுக் கூந்தலையும் இழுத்து உலர்த்திவிடுகிறார்கள். அப்படிச் செய்த கூந்தலில்தான் ஊசி நிற்கும், கொண்டை சரியாது, பூவின் பாரம் தாங்கும். மேலே ஜடை பில்லை. அடியில் ரோஸ் எவன்ஸ்கியின் வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

அம்மாவின் மனமும் மாறியது. யாரும் வாதாடி மாற்றவில்லை. அவருடைய தோள்தான் மாற்றியது. ஆண்டுக்கணக்கில் பால் வாளி தூக்கிய வலது தோள் சில ஆண்டுகளுக்கு முன் இறுகிவிட்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. தன் கொண்டையைத் தானே போட முடியாத நிலை ஓர் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஈரத் தலையோடு இருந்தால் சளி பிடித்துக்கொள்ளும் என்பது அவருடைய பயம். அடுக்கு மாடி வீட்டில் நெருப்புக்கும் சாம்பிராணிக்கும் இடமில்லை. அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்து, தலை கழுவி, உலர்த்தத் தொடங்கினார். அம்மா முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு எதிரே இருந்த கண்ணாடியில் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணிக்கட்டுலதான் இருக்கு" என்றார் திடீரென்று. "மரம் வெட்டுற மாதிரிதான். கைய இழுக்கக் கூடாது. மணிக்கட்டு திரும்பணும். கோட்ட விட்டு இறங்குனா மரத்துக்குக் காயம்."

பால் கத்தியின் வேலை தெரிந்தவர்களுக்கு அம்மா சொன்னது புரியும். ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டுக்கோடு இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் உள்ளே இருக்கும் வளர்படலம் வெட்டுப்பட்டு மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அப்படி ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். இந்த நுட்பத்தை யாரும் திறன் என்று அழைக்கவில்லை. கூலி வேலை என்றே அழைத்தார்கள். அதற்குச் சான்றிதழ் கிடையாது. மரம் சாய்ந்ததும் அந்தத் திறனும் மதிப்பற்றுப் போனது. அம்மாவின் மணிக்கட்டில் இருந்த அறிவை எந்தத் தொழிற்சாலையும் கேட்கவில்லை.

அக்காவுக்கு அது நேரக் கூடாது என்பதுதான் என் கவலை. நல்லவேளையாக இன்று வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், சிகை அலங்காரத்துக்கும் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். உண்டு. வேலை அனுபவம் உள்ளவர்களும் தங்கள் திறனைக் காட்டி அதைப் பெற முடியும். அக்கா வேலை செய்துகொண்டே அதைப் பெற்றார். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர் அம்மா.

ஆனால் சான்றிதழால் போகாத ஒன்று இருக்கிறது. நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது சாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் முடிவெட்டும் குடும்பத்தை ஒதுக்கி வைத்த அதே பார்வை இன்றும் வேறு உருவில் உலவுகிறது. இதன் விலையைச் சமுதாயமே கொடுத்தது. 2009ஆம் ஆண்டில் முடி திருத்தும் நிலையங்களுக்கு அந்நியத் தொழிலாளர்களை எடுப்பதை அரசாங்கம் முடக்கியபோது, நம் கடைகள் ஆளில்லாமல் திண்டாடின. கடைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கோரிக்கை வைத்தார்கள். 2023இல்தான், பத்து காஜா நாடாளுமன்ற உறுப்பினர் வி. சிவகுமார் மனிதவள அமைச்சராக இருந்தபோது, முடி திருத்தம், ஜவுளி, நகை ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 அந்நியத் தொழிலாளர்களை அனுமதிக்கும் முடிவு வந்தது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் நம் இளைஞர்களில் எத்தனை பேர் அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்க முன்வந்தோம்? நீண்ட நேரம் நிற்க வேண்டும், மணிக்கட்டு வலிக்கும், சம்பளம் கடைக்குக் கடை மாறும். இவையெல்லாம் உண்மையான குறைகள். அவற்றைப் பேசித் தீர்க்க முடியும். 'முடி வேலையா?' என்ற இளக்காரத்தோடு எப்படிப் பேசுவது?

பட்டதாரிகளாகப் போகும் நாம் இங்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அக்காவின் பயிற்சிக் குறிப்புகள் எல்லாம் மலாயில் இருந்தன, வீடியோக்கள் ஆங்கிலத்தில். இரவில் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'கியூட்டிக்கள்' என்றால் செதில் என்று யாராவது ஒரு வரி தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால், அத்தாப்புக் கூரை உவமையை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்காது. ஐம்பாலுக்கு ஐந்து பெயர் வைத்திருந்த மொழியில், இன்று ஒரு தமிழ்ப்பெண் தன் கைத்தொழிலைத் தன் மொழியில் படிக்க ஒரு கையேடு கிடைப்பதில்லை. நம் மொழிக் கழகம் ஆண்டுதோறும் கவிதைப் போட்டியும் சிறுகதைப் போட்டியும் நடத்துகிறது, நடத்தட்டும். அதோடு ஓர் ஆண்டு, புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் உள்ள கடைகளுக்குப் போய், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேசும் சொற்களைத் திரட்டி, நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு கொண்டுவந்தால் என்ன? இழுவிசை, கற்றை, உருளை, செதில், குளிர்க்காற்று என்று தொடங்க வேண்டிய சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. வேதியியல் மாணவர் ஒருவர், தமிழ் மாணவர் ஒருவர், கடையில் நிற்கும் ஓர் அக்கா; இந்த மூவர் போதும். என் அக்கா வரச் சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை அவருக்குக் கடை விடுமுறை.